பலகை லயத்துப் பஞ்சாலை

வெள்ளாற்றூர், திருச்சி ஜில்லா
10 ஜூன் 1935

என் பிரியமுள்ள அக்காவுக்கு, தம்பி வீரமுத்து எழுதுவது. நானும் செல்லமும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் மாமாவும் குழந்தைகளும் மழையிலும் ஜுரத்திலும் அகப்படாமல் இருக்கிறீர்களா?

ஒரு நல்ல செய்தி. இந்தப் பள்ளிக்கூடத்தில் இதுவரை நான் உதவித் தையல்காரன். இந்த மாதத்திலிருந்து தையல் வாத்தியார். காது கேளாத பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர் இங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். அதில் பதினோரு பேர் என் கையில். பேச்செல்லாம் கையால்தான். வந்த புதிதில் ஒன்றும் புரியாமல் திருதிருவென்று விழித்தேன். இப்போது வீட்டுக்குப் போனாலும் கை நிற்கவில்லை, செல்லம் சிரிக்கிறாள்.

நான் இங்கே சேர்ந்தபோது நீ எழுதினது ஞாபகம் இருக்கிறதா? ஊமைப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் உன் வாயும் அடைத்துப் போகும், உலகத்தில் வேறு வேலையே இல்லையா என்று கேட்டிருந்தாய். வாய் அடைக்கவில்லை அக்கா. வாத்தியார் ஆகிவிட்டேன்.

உன் கடைசி நான்கு கடிதங்களை எடுத்துப் படித்தேன். சின்னவன் சந்திரனுக்குப் பல் முளைத்தது, அவன் துரை வீட்டு நாயைக் கண்டு அலறியது எல்லாம் இருக்கிறது. உன் மூத்த மகள் பஞ்சாலையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அவளுக்கு எட்டு வயது ஆகியிருக்குமே. உன் வாய் அவளுக்கு வந்திருந்தால் மலாயாவில் உங்கள் ரந்தாவ் டவுன் தாங்காது. இந்த மாமனுக்கு இரண்டு வரி அவளை எழுதச் சொல்.

மாமாவுக்கு என் வணக்கம்.
தம்பி வீரமுத்து

•

ரந்தாவ்
8 ஜூலை 1935

தம்பி வீரமுத்துவுக்கு அக்காள் மயிலம்மாள் ஆசி சொல்லி எழுதினது. உன் மாமாவுக்கு முதுகுப் பிடிப்பு, மற்றபடி எல்லோரும் நலம். செல்லத்தின் உடம்பு எப்படி இருக்கிறது?

நீ வாத்தியார் ஆனதில் சந்தோஷம். எங்கள் எஸ்டேட் லயத்து வரிசையில் பத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். இங்கே நான்தான் எல்லோருக்கும் கடிதம் எழுதுகிறவள் என்பது உனக்குத் தெரியும். அவரவர் வீட்டுச் சண்டையெல்லாம் என் பேனா வழியாகத்தான் கப்பல் ஏறுகிறது. அதனால் என் சொந்தக் கடிதத்துக்குக் கை ஓய்ந்துபோகிறது. குறையாக நினைக்காதே.

உன் மாமாவை மண்டோராகப் போட்டிருக்கிறார்கள். இப்போது அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதில்லை, வெட்டுகிறவர்களை விரட்டுகிறார். ஐப்பசி மாதிரி மழை பெய்கிறது. சந்திரன் இரண்டு வாரமாகத் தமிழும் மலாயும் கலந்து பேசுகிறான். நேற்று ரந்தாவ் பாசாரில் மீரா சாஹிப் ஜவுளிக்கடையில் அவன் பேசினதைக் கேட்டு அவர் ஒரு முழத் துணி சும்மா கொடுத்தார். பஞ்சாலையும் சுகம்.

ஒன்று கேட்க வேண்டும். உன் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே அப்படியா? ஜுரம் வந்து தெளிந்த பிறகு பேச்சு வராமல் போனவர்களும் உண்டா? அப்படிப் போனால் திரும்பி வருமா? பக்கத்து லயத்து அம்மாள் ஒருத்தி கேட்கச் சொன்னாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
மயிலம்மாள்

•

வெள்ளாற்றூர்
30 ஜூலை 1935

அக்காவுக்கு வீரமுத்துவின் வணக்கம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மாமாவின் முதுகுக்கு நொச்சித் தழை ஒத்தடம் கொடு.

ஜுரத்தால் ஆனவர்கள் என் வகுப்பிலேயே ஐந்து பேர். ஜுரம் காதைத்தான் கெடுக்கிறது. காது போனால் பேச்சைக் கேட்டுப் பழக வழி இல்லாமல் போகிறது. போன காது திரும்புவதை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஐந்து பேரும் படிக்கிறார்கள், தைக்கிறார்கள், ஒருவரை ஒருவர் கேலி செய்து அடிவாங்குகிறார்கள். அவர்கள் ஊமையும் அல்ல, மந்தமும் அல்ல.

அக்கா, மனசில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன். அந்தப் பக்கத்து லயத்து அம்மாளுக்குப் பெயர் மயிலம்மாளா?

உடனே பதில் போடு.
வீரமுத்து

•

வெள்ளாற்றூர்
2 டிசம்பர் 1935

அக்கா, நலமா? நான்கு மாதமாகத் தபால்காரனைப் பார்த்தே எனக்குக் கண் பூத்துவிட்டது. நான் கேட்டது தப்பானால் தம்பியென்று மன்னித்துவிடு. தப்பு இல்லையானால் எழுது. நான் திட்டுவேன் என்று நினைக்கிறாயா?

வீரமுத்து

•

ரந்தாவ்
25 மார்ச் 1936

தம்பி வீரமுத்துவுக்கு. நீயும் செல்லமும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம், மனசுக்கு இல்லை.

பதில் போடாதது என் தப்பு. மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். ஊராருக்கு எழுதும்போது பேனா ஓடுகிறது, எனக்கென்று எழுத உட்கார்ந்தால் ஓட மாட்டேன் என்கிறது.

நீ நினைத்தது சரி. பஞ்சாலை பேசுவதில்லை. இரண்டு வயதில் பதினான்கு நாள் ஜுரம். அதற்கு முன் அம்மா, பூனை, தண்ணி என்று நாலைந்து சொல் சொன்னாள். ஜுரம் விட்டது, அந்தச் சொல்லும் விட்டது. நாளைக்குப் பேசுவாள், மறுநாள் பேசுவாள் என்று ஆறு வருஷம் ஓட்டினேன். உன் வேலையைப் பற்றி அந்தக் கேவலமான வார்த்தை எழுதினேனே, அது என் வயிற்றில் வந்து விழுந்துவிட்டது. எந்த முகத்தோடு உனக்கு எழுதுவேன்?

ஆனால் தம்பி, அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. உன் பிள்ளைகள் மாதிரி இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் எண்ணுகிற கூட்டத்துக்கு, எழுப்பத் தப்பு மேளம் அடிப்பார்கள். அடித்த மாத்திரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாளும் தவறினதில்லை. சந்திரன் தூங்குவான், இவள் தூங்க மாட்டாள். காது கேட்காதவள் எப்படி எழுந்திருப்பாள்? அதனால் நாக்கில்தான் கோளாறு என்று எல்லோரும் சொல்கிறார்கள். வசம்பு தேய்க்காத நாள் இல்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், அது கொழுப்பு என்று நானும் அடித்திருக்கிறேன்.

சித்திரைப் பௌர்ணமிக்கு எஸ்டேட் மாரியம்மன் திருவிழா. அவள் நாக்கில் அலகு குத்துவதாக உன் மாமா நேர்ந்துகொண்டிருக்கிறார். கங்காணி ஒன்று சொன்னார்: "பொம்பளப் புள்ளைக்குத் தாய்மாமன் கோடித்துணி போடாம எதுவும் செய்யக்கூடாது மணியம். அவன் வர முடியாட்டி சம்மதம்னு ஒரு கடுதாசியாவது வாங்கு." அதனால் உன் மாமா என்னை எழுதச் சொன்னார்.

அவள் சாப்பிடும்போதெல்லாம் அந்தச் சின்ன நாக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பேச்சு வந்துவிட்டால்? நீ சரி என்றால் சரி என்று எழுது.

மயிலம்மாள்

•

தந்தி
13 ஏப்ரல் 1936
(இங்கிலீஷில் வந்ததை எஸ்டேட் ஆபீஸ் கிராணி தமிழில் படித்துச் சொன்னது)

தாய்மாமன் சம்மதம் இல்லை. அலகு வேண்டாம். கடிதம் வருகிறது. வீரமுத்து.

•

வெள்ளாற்றூர்
13 ஏப்ரல் 1936

அக்காவுக்கும் மாமாவுக்கும் வீரமுத்துவின் வணக்கம். தந்தி கிடைத்திருக்கும். மாமா கோபித்துக்கொண்டிருப்பார். முழுக்கப் படித்துவிட்டுக் கோபிக்கட்டும்.

உன் லயம் கால் நட்டுத் தூக்கிக் கட்டின பலகை லயம் என்று முன்பு எழுதியிருந்தாய். பத்து வீட்டுக்கும் ஒரே நீளத் தரை. தப்பு அடித்ததும் பத்து வீட்டு ஆட்களும் துள்ளி எழுந்து தடதடவென்று நடப்பீர்கள். பஞ்சாலை அந்தப் பலகையில் படுத்திருக்கிறாள். அவளை எழுப்புவது தப்பு மேளம் இல்லை அக்கா. பலகை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் பிள்ளைகளை நான் அப்படித்தான் எழுப்புகிறேன். அவர்கள் படுக்கும் அறையில் மரத்தரை. காலால் இரண்டு தட்டுத் தட்டுவேன். முப்பத்திரண்டு பேரும் எழுந்துவிடுவார்கள். முதல் நாள் நானும் உன்னைப் போல இவர்களுக்குக் காது கேட்கிறது என்றுதான் நினைத்தேன்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், பார்த்துத் தெரிந்துகொள். ஒரு நாள் அவளைக் கீழே சமையல்கட்டில், மண் தரையில், உன் பக்கத்தில் படுக்க வை. தப்பை அவள் தலைமாட்டுக்கு அருகே கொண்டுவந்து அடிக்கச் சொல். அவள் எழுந்தால் நான் சம்மதம் தருகிறேன், என் வேலையையும் விட்டுவிடுகிறேன். எழாவிட்டால் அவள் நாக்கைத் தொடாதீர்கள். அதில் ஒரு கோளாறும் இல்லை.

அம்மனுக்குக் குறை வேண்டாம். பொங்கல் வையுங்கள். தாய்மாமன் பெயரால் கோடி எடுத்து அவளுக்கு உடுத்துங்கள்.

வீரமுத்து

•

ரந்தாவ்
8 மே 1936

என் தம்பிக்கு. நீ நூறு வயசு இருக்க வேண்டும். செல்லத்தையும் கேட்டதாகச் சொல். நாங்கள் நலம். இன்றைக்கு இதை எழுதப் பயமாக இல்லை.

தந்தி வந்த அன்று உன் மாமா ஆடின ஆட்டம் சொல்லி முடியாது. "பெத்தவன் நானா, அவனா? மூஞ்சியக்கூடப் பாக்காதவன் தந்தியில வேணாங்கிறான்" என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை. உன் கடிதம் வந்ததும் படித்துக் காட்டினேன். பலகை என்ற இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தி, மறுபடி படி என்றார். நாலு தரம் படிக்க வைத்தார். பிறகு அவரே பாயைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரம். நான் கண் மூடவே இல்லை. பஞ்சாலை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தப்பு அடிக்கிற வீரனை அவர் அடுப்படி வாசலுக்கே கூட்டி வந்துவிட்டார். அவன் அடித்தான். என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் இறங்கி ஓடியது. மேலே பத்து வீடும் எழுந்து நடந்தது. இவள் வாயில் எச்சில் ஒழுகத் தூங்கினாள். இன்னும் அடி என்றார். அடித்தான். எழவில்லை.

உன் மாமா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்ப நான் கூப்புட்டது ஒண்ணுகூட இவளுக்குக் கேட்டதில்லையாடி?" என்று என்னைக் கேட்டார். ஊரையே அதட்டுகிற மண்டோர், பெரட்டுக்குப் போகாமல் அழுதார். தலையைத் தடவினதும் அவள் எழுந்து, நாங்கள் இரண்டு பேரும் அழுவதைப் பார்த்துத் தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து இன்னும் அழுதோம்.

அலகு இல்லை. கங்காணியிடம் உன் மாமாவே போய், "தாய்மாமன் ஒத்துக்கல, நேர்த்திய மாத்திக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டார். பொங்கல் வைத்தோம். பச்சைப் பாவாடை உன் பெயரில். இரண்டு இலை சாப்பிட்டாள்.

இனி என்ன செய்ய வேண்டும்? சீக்கிரம் சொல்.
மயிலம்மாள்

•

வெள்ளாற்றூர்
1 ஜூன் 1936

அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். கடிதம் படித்துவிட்டு அன்றைக்கு வகுப்பில் ஒரு சட்டைக் கையைத் தலைகீழாக வெட்டிவிட்டேன். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடங்கவில்லை. செல்லம் பிள்ளையாருக்குச் சூறைத் தேங்காய் போட்டாள்.

முதலில் ஒன்று. பஞ்சாலைக்கு ஜுரம் வந்தது இரண்டு வயதில். நான் இங்கே சேர்ந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. அதற்குப் பிறகு எழுதின வார்த்தை எப்படியம்மா அவள் காதைக் கெடுக்கும்? அதை இன்றோடு விட்டுவிடு.

இத்துடன் இருபது கைப்படம் போட்டு அனுப்புகிறேன். மூக்குத்தி இடத்தில் விரலை வைத்தால் அம்மா. மீசையை நீவினால் அப்பா. மற்றதையும் பார்த்துப் பழகு. அவளிடம் பேசும்போது முன்னால் போய் நின்று பேசு. வசம்பைத் தூக்கிக் கடாசு.

அவளை என்னிடம் அனுப்பினால் மூன்று நான்கு வருஷத்தில் எழுதப் படிக்கவும் தைக்கவும் கற்றுக்கொள்வாள். செல்லம் தன் பிள்ளையாகப் பார்த்துக்கொள்வாள். அனுப்பியே தீர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நீ பெற்றவள்.

வீரமுத்து

•

ரந்தாவ்
20 ஆகஸ்ட் 1936

தம்பிக்கு அக்காளின் ஆசி. மாமாவின் முதுகு தேவலை. செல்லம் சுகந்தானே?

உன் இருபது படமும் கிழிந்துபோகிற அளவுக்குப் பார்த்தாயிற்று. மூன்றே நாளில் பஞ்சாலை எல்லாம் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு மாதம் ஆனது. ஒரு சங்கடம். உன் மாமாவுக்கு மீசை கிடையாது. இவள் மீசையை நீவிக் காட்டினால் லயத்தில் எல்லோரும் கங்காணியைத் தேடினார்கள். இப்போது மாமா மீசை வளர்க்கிறார். கண்ணாடியும் கையுமாக இருக்கிறார். கேட்டால் கோபம் வருகிறது.

மீரா சாஹிப் கடைக்குப் போனால் பஞ்சாலை தையல் மிஷினை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். துணி போகிற வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவர் சொன்னார்: "மெஷின்ல குந்த வச்சுப் பாத்தேன், கால் எட்டல. எட்டுற வயசுக்கு தையல் படிச்சுட்டு வரட்டும், கடையில ஒரு மெஷின் அவளுக்குத்தான். நானும் ஜுபைதாவும் அடுத்த மாசம் நாகூருக்குக் கப்பல் ஏறுறோம். புள்ளய நாங்க பத்திரமா கொண்டுபோய் விடுறோம், மண்டோரே."

மறுநாள் காலையில் உன் மாமா, "அனுப்பிரு" என்றார்.

அனுப்புகிறேன் தம்பி. ஆனால் ஒன்றுதான் என்னைக் கொல்கிறது. சோறு, தண்ணி, வா, போ எல்லாம் கையால் சொல்லத் தெரிந்துவிட்டது. நாங்கள் உன்னை விட்டுவிடவில்லை, படித்து முடித்ததும் திரும்ப அழைத்துக்கொள்வோம் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? உன் பதில் வருமுன் கப்பல் போய்விடும். அவள் நாங்கள் கொண்டுபோய்த் தள்ளிவிட்டோம் என்று நினைத்தால் நான் என்ன செய்வேன்?

மயிலம்மாள்

•

வெள்ளாற்றூர்
12 அக்டோபர் 1936

அக்காவுக்கும் மாமாவுக்கும். பஞ்சாலை பத்திரமாக வந்து சேர்ந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மீரா சாஹிப்பும் ஜுபைதா அம்மாளும் பள்ளி வாசல் வரை வந்து விட்டுப் போனார்கள், நல்ல மனுஷர்கள்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். நாலு நாள் அழுதாள். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்லம் ஊட்டினால் துப்பினாள். எனக்குத் தெரிந்த கைப்பேச்சையெல்லாம் காட்டினேன், என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் மூன்று பெரிய பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி கொழும்பிலிருந்து கப்பலில் வந்தவள். கப்பல், அலை, வாந்தி, அம்மா கரையில் நிற்பது, இங்கே இருப்பது, பாவாடை குட்டையாகிற அளவு வளர்வது, மறுபடி கப்பல், அம்மா ஓடிவருவது என்று எல்லாவற்றையும் கையால் நடத்திக் காட்டினாள். பஞ்சாலை அதைத் திரும்பக் காட்டச் சொன்னாள். மூன்று தரம். பிறகு என்னிடம் வந்து சோறு கேட்டாள். அவளுக்குத் தெரியும் அக்கா, நீ விடவில்லை என்று. நீ தூங்கு.

வீரமுத்து

•

வெள்ளாற்றூர்
5 செப்டம்பர் 1937

அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். இங்கே அனைவரும் சௌக்கியம். பஞ்சாலை இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறாள், பொத்தானுக்குக் காஜா எடுப்பதில் வகுப்பில் இரண்டாவது. முதலாவது வருகிறவளோடு பேச்சுவார்த்தை இல்லை.

அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று நேற்று வந்து உட்கார்ந்தாள். அவள் கையால் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அம்மா, நான் நன்றாக இருக்கிறேன். சந்திரனுக்குச் சட்டை தைத்தேன். ஒரு கை நீளம், அவன் வளர்ந்தால் சரியாகும். அம்மா, நீயும் பக்கத்து வீட்டு அம்மாவும் உட்கார்ந்து வாயை அசைப்பீர்கள். அப்பாவும் அசைப்பார். எல்லோரும் அசைப்பார்கள். நீங்கள் எதையோ தின்கிறீர்கள், எனக்கு மட்டும் தரவில்லை என்று நினைத்தேன். அதனால்தான் உன் வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். நீ அடித்தாய். வாயில் ஒன்றும் இல்லை. ஒளித்துவிட்டாய் என்று நினைத்தேன். இங்கே வந்துதான் தெரிந்தது, அது பேச்சு. எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் அவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள்?"

வீரமுத்து

•

ரந்தாவ்
1 அக்டோபர் 1937

தம்பிக்கும் செல்லத்துக்கும் எங்கள் ஆசி. எல்லோரும் சுகம். கடிதமும் சட்டையும் வந்தன. ஒரு கை நீளமாக இருந்தாலும் சந்திரன் போட்டுக்கொண்டு திரிகிறான், கழற்ற மாட்டேன் என்கிறான்.

நீ எழுதினதை நான் உரக்கப் படித்தேன். வாயில் விரலை விட்டாள் என்ற இடத்தில் என்னால் படிக்க முடியவில்லை. எத்தனை நாள் அதற்காக அவளை அறைந்திருக்கிறேன். பசித்த பிள்ளை தாய் வாயைத் திறந்து பார்த்திருக்கிறது, நான் அடித்திருக்கிறேன். ஒரு பாட்டம் அழுதேன். பிறகு பக்கத்து வீட்டு மங்கம்மா, "அடியே, நம்ம ரெண்டு பேரும் எட்டு வருசமா என்னத்தத் தின்னோம்னு புள்ளக்கிச் சொல்லு" என்றாள். அதற்குச் சிரித்த சிரிப்பில் அழுகை போய்விட்டது. உன் மாமா வெளியே போய் மீசையை நீவிக்கொண்டு நின்றார், அவருக்குக் கண் கலங்கினால் அப்படித்தான்.

பஞ்சாலையிடம் இதைச் சொல். நானும் மங்கம்மாவும் அவ்வளவு நேரம் பேசினது கருவாட்டைப் பற்றியும் கிராணி பெண்டாட்டியைப் பற்றியும்தான். ஒரு பேச்சும் உருப்படி இல்லை. அவள் வந்ததும் அத்தனையும் ஒன்று விடாமல் திரும்பச் சொல்கிறேன். என் நாக்கு ஓடுகிற வேகத்துக்கு என் கை ஓடாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்.

உன் அக்காள்
மயிலம்மாள்